சுகாதாரத் திட்டங்கள் பத்தி வர்ற தணிக்கை, மறுஆய்வு பரிந்துரைகள கடைசி வரைக்கும் தொடர்றது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூர்ல குடியிருப்பாளர் கட்டமைப்புலயோ (பேட்டை மக்கள் சேந்து நடத்தற அமைப்பு), துடிப்பாக மூப்படைதல் நிலையத்துலயோ (மூத்தவங்களுக்கான அக்கம்பக்க நிலையம்), கோயில்ல நடக்கற ஹெல்த் ஸ்கிரீனிங்லயோ தொண்டூழியம் பண்ணிட்டு, "திட்டம் நல்லதுதான், ஆனா இந்த ஒரு இடத்துல மாட்டிக்குது, இத யார்கிட்ட சொல்றது, சொன்னா எதாவது நடக்குமா"ன்னு யோசிக்கறவங்களுக்காக இத எழுதறேன். ரெண்டு வேலை இதுல இருக்கு. அரசாங்கத்தோட மேற்பார்வை அமைப்புங்க ஏற்கனவே குடுத்த பரிந்துரைகள கண்டுபிடிச்சு அது நடந்துச்சான்னு பாக்கறது முதல் வேலை. அதுல கத்துக்கிட்டத வச்சு நம்ம பரிந்துரைய எழுதி அனுப்பறது ரெண்டாவது. புதுசா வர்ற தொண்டூழியர்கள் எல்லாரும் நேரா ரெண்டாவதுக்கு தாவறாங்க, அதனாலதான் பதிலுக்கு ஒரு நன்றி கடிதத்தோட நின்னு போகுது.

1. உக்கார்றதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

ஒரே ஒரு திட்டத்த எடுத்துக்குங்க. "சுகாதாரம்"னு மொத்தமா எடுத்தா ஒரு மாசத்துல களைச்சு போயிடுவீங்க. ஹெல்தியர் எஸ்ஜி (ஒரே குடும்ப டாக்டர்கிட்ட பதிஞ்சுக்கற திட்டம்), ஸ்கிரீன் ஃபார் லைஃப் (மானியத்துல பரிசோதனை), சாஸ் கார்டு (தனியார் கிளினிக்ல மானியம் தர்ற அட்டை), தடுப்பூசி, மூத்தோர் பராமரிப்பு, இதுல எது உங்க கண்ணு முன்னாடி தினமும் நடக்குதோ அத எடுங்க. ஏன்னா கடைசில களத்துல போய் சரிபாக்கணும், தெரியாத திட்டத்துல அது முடியாது.

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வேணும், ஃபோன்ல இருந்தாலும் பரவால்ல. கூட ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் ஆங்கில அறிக்கை படிக்க சலிப்பு இல்லாதவரா இருக்கணும், இன்னொருத்தர் புளோக்ல இருக்கற பாட்டி தாத்தாக்கள்கிட்ட பேசி பழக்கம் உள்ளவரா இருக்கணும். இந்த ரெண்டாவது ஆள் இல்லாம ஆரம்பிச்ச குழுக்கள் பேப்பர்லயே நின்னு போனத பாத்திருக்கேன்.

இன்னொன்னும் முதல்லயே தெரிஞ்சுக்குங்க, சிங்கப்பூர்ல தகவல் அறியும் உரிமைச் சட்டம் கிடையாது. தமிழ்நாட்டுல ஆர்டிஐ போட்டு பழகினவங்க இங்கயும் அதே மாதிரி ஃபைல கேக்கலாம்னு நினைக்கறாங்க. இங்க ஒரு எண்ணிக்கை வெளிய வரணும்னா பெரும்பாலும் நாடாளுமன்றக் கேள்வி வழியா வரும், இல்ல அமைச்சே வெளியிடணும். அதனால 7வது படி ரொம்ப முக்கியம்.

2. எந்த அமைப்பு எதைப் பாக்குதுன்னு பிரிச்சுக்குங்க

இத தப்பா பிடிச்சா மத்த எல்லா படியும் வீணா போயிடும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகம், எல்லாரும் ஏஜிஓன்னு சொல்றது, அமைச்சுகளையும் அரசாங்க வாரியங்களையும் தணிக்கை பண்ணுது. நிதியாண்டு ஏப்ரல் 1ல ஆரம்பிச்சு மார்ச் 31ல முடியும், அதுக்கான அறிக்கை அதிபர்கிட்ட போய், அங்கேர்ந்து நாடாளுமன்றத்துக்கு வந்து, வழக்கமா ஜூலைல வெளியாகும். சுகாதார அமைச்சு, சுகாதார மேம்பாட்டு வாரியம் எல்லாம் இந்த வட்டத்துக்குள்ள வரும். பொது மருத்துவமனைகள நடத்தற குழுமங்கள் எம்ஓஎச் ஹோல்டிங்ஸ் கீழ கம்பெனிகளா இருக்கறதால, வாரியங்களப் போல ஒவ்வொன்னும் தணிக்கை அறிக்கைல வரும்னு எதிர்பாக்க வேணாம்.

ஏஜிஓ கொள்கை சரியா தப்பான்னு பாக்காது. பணம் விதிப்படி செலவாச்சா, கட்டுப்பாடு இருந்துச்சா, வீணாச்சான்னுதான் பாக்கும். "ஸ்கிரீனிங் வயச குறைக்கணும்"ங்கறது கொள்கை, அதுக்கு ஏஜிஓவ தேடி பிரயோஜனம் இல்ல. "மானியம் வாங்கின இடம் சேவைய உண்மையிலேயே குடுத்துச்சான்னு யாரும் செக் பண்ணல"ங்கறது தணிக்கை விஷயம்.

அடுத்தது பொதுக் கணக்குக் குழு. நாடாளுமன்ற உறுப்பினர்கள் 8 பேர் வரைக்கும் இருக்கற குழு, ஏஜிஓ கண்டுபிடிச்சத எடுத்து அமைச்சுகள்கிட்ட "இது ஏன் நடந்துச்சு, மறுபடி நடக்காம இருக்க என்ன பண்ணீங்க"ன்னு எழுத்துல விளக்கம் கேக்கும். ஏஜிஓ அறிக்கைய படிச்சவங்க இத மிஸ் பண்ணிடறாங்க, ஏன்னா இது பல மாசம் கழிச்சு தனியா வருது. எனக்கு இதுதான் ரெண்டுலயும் அதிக உபயோகம், அமைச்சு எழுத்துல குடுத்த வாக்கு இதுலதான் இருக்கும்.

மூணாவது, பெரிய சம்பவம் நடந்தா அமைக்கற குழுக்கள். 2018ல சிங்ஹெல்த்ங்கற பொது மருத்துவமனைக் குழுமத்தோட கணினி ஊடுருவல்ல 15 லட்சம் நோயாளிகளோட தனிப்பட்ட விவரம் திருடு போனப்ப விசாரணைக் குழு போட்டாங்க, ஓய்வுபெற்ற மூத்த நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைவர். 2015ல சிங்கப்பூர் பொது மருத்துவமனைல ஹெப்பட்டைட்டிஸ் சி பரவினப்ப பேராசிரியர் லியோ யீ சின் தலைமைல சுயேச்சையான மறுஆய்வுக் குழு வந்துச்சு. இந்த மாதிரி குழுக்களோட பரிந்துரைங்க ஆழமா இருக்கும், ஆனா குழு அறிக்கைய குடுத்ததும் கலைஞ்சிடும். பின்னாடி வந்து "நடந்துச்சா"ன்னு கேக்க அந்த குழு இருக்காது, அத வேற யாராவதுதான் கேக்கணும்.

நாலாவது வெள்ளை அறிக்கைங்க, அரசாங்கம் தானே எழுதறது. ஹெல்தியர் எஸ்ஜிக்கு 2022ல வந்துச்சு, கோவிட் பாடங்கள் பத்தி 2023ல வந்துச்சு. ரெண்டையும் நாடாளுமன்றத்துல விவாதிச்சாங்க.

3. அறிக்கைய முதல் பக்கத்துலேர்ந்து படிக்காதீங்க

நேரா உங்க திட்டத்தோட அமைச்சு இல்ல வாரியம் பேர் இருக்கற பகுதிக்கு போங்க. அங்க மூணு விஷயம் வரிசையா இருக்கும். என்ன கண்டுபிடிச்சாங்க, அது ஏன் பிரச்சினை, அமைச்சு என்ன பதில் சொல்லுச்சு. இந்த மூணையும் உங்க சொந்த வார்த்தைல ஒவ்வொரு வரியா எழுதிட்டு அப்புறம் முன்னுரைய படிங்க. முன்னுரைய முதல்ல படிச்சா அதோட தொனி மனசுல உக்காந்துரும், பொதுவா நல்லா இருக்குன்னோ மோசம்னோ முடிவு பண்ணிட்டுதான் விவரத்துக்கே வருவீங்க.

புதுசா வர்றவங்க அதிகமா பண்ற தப்பு தொகைய பாக்கறதுல. ஒரு கண்டுபிடிப்புல இத்தன மில்லியன் வெள்ளின்னு போட்டிருந்தா, அவ்வளவு பணம் காணாம போச்சுன்னு வாட்ஸ்அப்ல போட்டுடறாங்க. பல நேரம் அது ஒப்பந்தத்தோட மொத்த மதிப்பு, அதுல கையெழுத்து தாமதமோ ஆவணம் இல்லாததோதான் குறை. காணாம போனதா, கூடுதலா குடுத்ததா, ஆதாரம் இல்லாததா, முறை மீறினதா, இந்த நாலுல எதுன்னு பக்கத்துல எழுதுங்க. தணிக்கைங்கறது மொத்தத்துலேர்ந்து சிலத மட்டும் மாதிரியா எடுத்து பாக்கற வேலைங்கறதால, 10 ஃபைல் பாத்து 3ல குறைன்னா மொத்தத்துலயும் 30 சதவீதம்னு நீங்களா கணக்கு போட்டுடாதீங்க.

4. பரிந்துரைய சரிபாக்க முடியற துண்டுகளா உடைங்க

முக்கால்வாசி வேலை இதுதான். சிங்ஹெல்த் விசாரணைக் குழுவ எடுத்துக்குவோம், 454 பக்க அறிக்கை, 2019 ஜனவரி 10 அன்னைக்கு வெளியாச்சு, மொத்தம் 16 பரிந்துரை, அதுல 7 முன்னுரிமை. அரசாங்கம் எல்லாத்தையும் ஏத்துக்கிச்சு.

அந்த 7ல ரெண்ட பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ஒன்னு, ஊழியர்களுக்கு இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வு மேம்படணும்னு சொல்லுது. இன்னொன்னு, சிறப்பு அதிகாரம் உள்ள அட்மின் கணக்குகள இன்னும் இறுக்கமா கட்டுப்படுத்தி கூடுதலா கண்காணிக்கணும்னு சொல்லுது. ரெண்டுமே நல்ல பரிந்துரை. ஆனா முதலாவது எப்ப முடிஞ்சுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, ஒரு பயிற்சி வகுப்பு வச்சாலே முடிச்சிட்டோம்னு சொல்லிடலாம். ரெண்டாவதுக்கு கேள்வி கேக்கலாம், எத்தன அட்மின் கணக்கு இருக்கு, வேலைய விட்டு போனவரோட கணக்கு எத்தன நாள்ல மூடுது, உள்ள நுழைய ரெண்டு கட்ட சரிபாப்பு இருக்கா.

அதனால ஒவ்வொரு பரிந்துரைக்கும் நாலு கேள்வி போடுங்க: யார் பண்ணணும், என்ன பண்ணணும், எப்பக்குள்ள, பண்ணியாச்சுன்னு எதை வச்சு தெரியும். நாலாவது கேள்விக்கு பதில் அறிக்கைல இல்லன்னா நீங்களே ஒரு அளவுகோல் எழுதி வச்சுக்கணும். விழிப்புணர்வு பரிந்துரைக்கு "பயிற்சி நடந்துச்சா"ங்கறத விட "சந்தேகமான மின்னஞ்சல் வந்தா ஊழியர் யார்கிட்ட சொல்லணும்னு தெரியுமா, சொன்னப்புறம் மேல போச்சா"ங்கறது நல்ல அளவுகோல்.

ஒரு பரிந்துரைக்குள்ள "மற்றும்" வந்தா அது ரெண்டு பரிந்துரை, ரெண்டு வரியா பிரிச்சு போடுங்க. சேத்து வச்சா பாதி நடந்ததும் முழுசா நடந்ததா மார்க் ஆயிடும்.

5. பதிவேடு: ஒரு வரி எப்படி இருக்கணும்

நெடுவரிசைங்கள ரொம்ப போடாதீங்க. பரிந்துரை உங்க வார்த்தைல, எந்த அறிக்கை எந்த பத்தி, பொறுப்பு யாருக்கு, அமைச்சு சொன்ன பதில் அப்படியே, பதில் வந்த தேதி, நம்ம அளவுகோல், கடைசியா எப்ப பாத்தோம், என்ன ஆதாரம், இப்ப நிலைமை என்ன. இது போதும்.

அமைச்சு சொன்ன பதில சுருக்காதீங்க, வார்த்தைக்கு வார்த்தை காப்பி பண்ணுங்க. "செய்துவிட்டோம்", "செய்வோம்", "செய்யத் தொடங்கியுள்ளோம்", "ஆராய்வோம்", இந்த நாலும் நாலு விதமான வாக்கு. சுருக்கி எழுதறப்ப நாலும் "சரின்னுட்டாங்க"ன்னு ஆயிடும், அடுத்த வருஷம் எடுத்து பாக்கறப்ப என்ன வாக்கு குடுத்தாங்கன்னே தெரியாது.

நிலைமைங்கற நெடுவரிசைல "முடிந்தது"ன்னு ஒரே வார்த்த போடாதீங்க. ஏத்துக்கிட்டாங்க, அறிவிச்சாங்க, நடைமுறைக்கு வந்துச்சு, களத்துல தெரியுது, இப்படி நாலு கட்டமா வைங்க. எங்களோட பட்டியல்ல ரெண்டாவதுலேர்ந்து நாலாவதுக்கு போறதுக்குத்தான் ரொம்ப நாள் ஆகுது, இந்த இடைவெளிலதான் நம்ம மாதிரி ஆட்களுக்கு வேலை இருக்கு.

அப்புறம் பேர் மாற்றம். பொறுப்புன்னு எழுதின அமைப்பு ரெண்டு வருஷம் கழிச்சு அந்த பேர்ல இருக்காது. சிங்ஹெல்த் அறிக்கை முழுக்க ஐஹிஸ்னு (பொது மருத்துவமனைங்களோட கணினி வேலைய பாக்கற நிறுவனம்) வரும், 2023லேர்ந்து அது சைனாப்ஸ். தொடர்பு தகவல் அமைச்சு 2024ல மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சா ஆச்சு. சுகாதார மேம்பாட்டு வாரியத்துகிட்ட இருந்த தொற்றுநோய் சம்பந்தப்பட்ட வேலைங்க 2025ல புது அமைப்புக்கு போயிடுச்சு. பழைய பேர வச்சு தேடினா ஒன்னும் கிடைக்காது, "கைவிட்டுட்டாங்க போல"ன்னு தப்பா முடிவு பண்ணிடுவீங்க. பழைய பேர் புதுப் பேர் ரெண்டையும் ஒரே கட்டத்துல வைங்க.

6. "ஏத்துக்கிட்டோம்"ங்கறதுக்கு அப்புறம் எப்படி தொடர்றது

ஒரு பரிந்துரை எவ்வளவு தூரம் நடந்து போகும்னு காட்ட ஹெப்பட்டைட்டிஸ் சி விஷயத்தவிட நல்ல உதாரணம் எனக்கு தெரியல.

2015 அக்டோபர்ல மருத்துவமனை வெளிய சொன்னப்ப 22 நோயாளிங்க, கடைசில 25 ஆச்சு, சிறுநீரக வார்டுல இருந்தவங்க. டிசம்பர்ல மறுஆய்வுக் குழு அறிக்கை வந்துச்சு. வேணும்னே தாமதம் பண்ணாங்கங்கறதுக்கு ஆதாரம் இல்லன்னாங்க, ஆனா தொற்றுத் தடுப்பு நடைமுறைல ஓட்டை இருந்துச்சு, பரவுதுன்னு கண்டுபிடிக்கவும் மேல தெரிவிக்கவும் தாமதம் ஆச்சு, தேசிய அளவுல இருந்த கண்காணிப்பு முறை மருத்துவமனைக்குள்ள நடக்கற இந்த மாதிரி பரவலுக்கு சரிப்படலன்னு சொன்னாங்க. பரிந்துரைங்கள்ல முக்கியமானது, அமைச்சுக்குள்ள இதுக்குன்னு பொறுப்பான ஒரு குழு இருக்கணும்ங்கறது. அத எடுத்துக்கிட்டு அப்ப துணை அமைச்சரா இருந்த சீ ஹொங் டாட் தலைமைல பணிக்குழு வேலை பண்ணுச்சு.

2016ல ஃபைல மூடியிருந்தா அதோட முடிஞ்சு போச்சு. ஆனா தொடர்ந்து பாருங்க. 2019ல 330 படுக்கையோட தேசிய தொற்றுநோய் நிலையம் திறந்தாங்க. அப்புறம் கோவிட். 2023 மார்ச்ல வந்த வெள்ளை அறிக்கை, பொதுச் சுகாதார நிபுணத்துவத்த ஒரே இடத்துல கொண்டுவர தனி மையம் வேணும்னு சொல்லுச்சு. 2025 ஏப்ரல் 1 அன்னைக்கு தொற்றுநோய்களுக்குன்னே தனி வாரியம் செயல்பட ஆரம்பிச்சுது, சிடிஏன்னு சொல்றாங்க, அமைச்சு, தேசிய தொற்றுநோய் நிலையம், சுகாதார மேம்பாட்டு வாரியம் மூணுகிட்டயும் சிதறியிருந்த வேலைங்க அதுக்குள்ள வந்துச்சு.

இதுல ஒன்னுலேர்ந்து இன்னொன்னு நேரா பொறந்துச்சுன்னு நான் சொல்ல வரல, நடுவுல ஒரு பெருந்தொற்றே வந்து போயிருக்கு. ஆனா "பரவல கண்டுபிடிக்கற பொறுப்பு ஒரே கையில இருக்கணும்"ங்கற அதே கவலை வேற வேற ஆவணத்துல வேற வேற வார்த்தைல திரும்பத் திரும்ப வருது. அறிக்கை தலைப்ப வச்சு தேடறவங்களுக்கு இது தட்டுப்படவே படாது. அதனால உங்க பதிவேட்டுல ஒவ்வொரு பரிந்துரைக்கும் "அடிப்படை கவலை என்ன"ன்னு ஒரு வரி எழுதி, அத வச்சு தேடுங்க.

எங்க தேடணும்னா, வருஷத்த இப்படி பிரிச்சுக்குங்க. ஜூலைல ஏஜிஓ அறிக்கை. அதுக்கு பல மாசம் கழிச்சு, பெரும்பாலும் அடுத்த வருஷ ஆரம்பத்துல, பொதுக் கணக்குக் குழு அறிக்கை. பிப்ரவரில பட்ஜெட், அது முடிஞ்சதும் ஒவ்வொரு அமைச்சுக்கும் தனித்தனி செலவின விவாதம், இது மார்ச் ஆரம்பம் வரைக்கும் போகும். சுகாதார அமைச்சோட புது அறிவிப்புங்க அதிகமா வர்ற நேரம் அதுதான், பழைய பரிந்துரைக்கு பணம் ஒதுக்கினாங்களான்னு அங்க தெரியும். பணமும் ஆளும் ஒதுக்காத வாக்க பதிவேட்டுல தனி கலர்ல போட்டு வைங்க.

7. நாடாளுமன்றக் கேள்விய சரியா பயன்படுத்துங்க

முதல்ல பழைய கேள்விங்கள தேடுங்க. நாடாளுமன்றத்துல பேசினதோட பதிவான ஹன்சார்ட் இணையத்துல இருக்கு, 1955லேர்ந்து தேடலாம். சுகாதார அமைச்சும் தன்னோட பதில்கள அதோட வலைத்தளத்துல போடுது. நீங்க கேக்க நினைக்கற கேள்விய யாராவது ஏற்கனவே கேட்டு பதிலும் வந்திருக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு. அது தெரியாம எம்பிகிட்ட போனா அவரோட நேரமும் போகும், அடுத்த தடவ உங்கள கொஞ்சம் தள்ளிதான் வைப்பாங்க.

புதுக் கேள்வின்னா சில கணக்கு தெரிஞ்சிருக்கணும். ஒரு உறுப்பினர் ஒரு கூட்டத்துக்கு 5 கேள்வி வரைக்கும்தான் குடுக்கலாம், அதுல வாய்மொழி பதிலுக்கு 3தான். வாய்மொழிக் கேள்விக்கு 7 முழு நாள் முன்னாடி அறிவிப்பு குடுக்கணும். கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரம், அதுக்குள்ள வரலன்னா எழுத்துப் பதிலா போகலாம். அதனால எண்ணிக்கை வேணும்னா எழுத்துப் பதிலுக்கே கேக்க சொல்லுங்க, அட்டவணையோட வர வாய்ப்பு ஜாஸ்தி. விளக்கம் வேணும், துணைக் கேள்வி கேக்கணும்னா வாய்மொழி.

யார்கிட்ட போறதுன்னா, அமைச்சர் பதவில இருக்கறவங்க கேள்வி கேக்க மாட்டாங்க. உங்க எம்பி அமைச்சரா இருந்தா அதே குழுத்தொகுதில (பல எம்பிங்க சேந்து இருக்கற தொகுதி) இருக்கற இன்னொரு எம்பிய பாருங்க. நியமன உறுப்பினர்கள், எதிர்க்கட்சி உறுப்பினர்கள், ஆளுங்கட்சியோட சுகாதார நாடாளுமன்றக் குழுல இருக்கறவங்க, யாருக்கு இந்த விஷயத்துல ஏற்கனவே அக்கறை இருக்குன்னு ஹன்சார்ட்லயே தெரிஞ்சிடும்.

எம்பி தொகுதி மக்கள நேர்ல பாக்கற மக்கள் சந்திப்புக்கு போனா முதல் வாக்கியத்துலயே "இது என் சொந்த கேஸ் இல்ல, திட்டத்தோட நடைமுறை பத்தினது, கேள்வியா எழுப்ப முடியுமான்னு கேக்க வந்தேன்"னு சொல்லுங்க. அங்க உக்காந்திருக்கற தொண்டூழியர்கள் ராத்திரி வரைக்கும் மேல்முறையீட்டு கடிதம் எழுதிட்டு இருப்பாங்க, நீங்க சொல்லலன்னா உங்களதையும் ஒரு தனிநபர் கடிதமா மாத்தி அமைச்சுக்கு அனுப்பிடுவாங்க, தனிநபர் பதில்தான் வரும்.

கேள்விய ஒரு பக்கத்துக்குள்ள குடுங்க. "ஏன் இப்படி இருக்கு"ன்னு கேட்டா பொதுவான பதில் வரும். "இந்தப் பரிந்துரை இந்த வருஷம் ஏத்துக்கப்பட்டுச்சு, இதுவரைக்கும் எத்தன இடத்துல நடைமுறைக்கு வந்திருக்கு, மிச்சம் எப்ப முடியும்"னு கேட்டா அதுக்கு குறிப்பாத்தான் பதில் சொல்லணும்.

8. களத்துல சரிபாக்கறது

பாலிகிளினிக்ல, ஜிபி கிளினிக்ல, சமூக மன்றத்துல (சிசி) நடக்கற ஸ்கிரீனிங்ல, அறிவிச்சது நிஜமாவே இருக்கான்னு பாக்கறது இது. ஹெல்தியர் எஸ்ஜி 2023 ஜூலைல ஆரம்பிச்சுது, 40 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்க ஒரே குடும்ப டாக்டர்கிட்ட பதிஞ்சுக்கலாம், பதிஞ்ச குடிமக்களுக்கு பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனையும் தடுப்பூசியும் முழு மானியத்துல. பேப்பர்ல தெளிவா இருக்கு. களத்துல கேக்க வேண்டியது, பதிஞ்சதுக்கப்புறம் முதல் சந்திப்புக்கு போனீங்களா, சுகாதாரத் திட்டம் ஒன்னு எழுதினாங்களே அதுல என்ன இருக்குன்னு ஞாபகம் இருக்கா, ஃபோன்ல சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளம்) போட முடியாதவங்களுக்கு யார் உதவி பண்ணாங்க.

"திட்டம் எப்படிம்மா இருக்கு"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் நல்லா இருக்குப்பான்னுதான் சொல்வாங்க. "கடைசியா எப்ப போனீங்க, அன்னைக்கு என்ன நடந்துச்சு, காலைல கெளம்பினதுலேர்ந்து சொல்லுங்கம்மா"ன்னு கேளுங்க. நம்ம சமூகத்துல நீரிழிவு மத்தவங்கள விட அதிகம்னு தேசிய ஆய்வுங்க திரும்பத் திரும்ப காட்டுது, அதனால கண்ணு பரிசோதனை, பாத பரிசோதனைக்கு போனாங்களான்னும் கேட்டுடுங்க, போகலன்னா ஏன்னு கேளுங்க. டாக்டர் சொல்லலையா, தேதி தள்ளி போச்சா, துணைக்கு ஆள் இல்லையா, மூணுக்கும் மூணு வேற பரிந்துரை வரும்.

யாரோட ஐசி நம்பரோ, நோய் விவரமோ, பேரோ பதிவேட்டுல ஏத்தாதீங்க. வயசு, பேட்டை, என்ன நடந்துச்சு, இது போதும். பக்கத்து வீட்டு அக்கா உங்கள நம்பி சொன்னது அமைச்சு மின்னஞ்சல்ல போய் நிக்கக்கூடாது.

9. இப்பதான் நம்ம பரிந்துரைய எழுதணும்

இவ்வளவு அறிக்கை படிச்சதுல ஒரு நல்ல பரிந்துரையோட வடிவம் பழகியிருக்கும்: பாத்தது, காரணம், விளைவு, என்ன பண்ணலாம், யார் பண்ணணும், எப்படி தெரியும். இதே வரிசைல எழுதுங்க, ஏன்னா படிக்கற அதிகாரிக்கு இது பழகின வரிசை, அவர் அப்படியே உள்ள மேல அனுப்ப முடியும்.

பெருங்குடல் புற்றுநோய் பரிசோதனைய எடுத்துக்குவோம். 50 வயசு ஆனவங்களுக்கு மலத்துல ரத்தம் இருக்கான்னு பாக்கற ஃபிட் கிட், சிங்கப்பூர் புற்றுநோய் சங்கம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசமா குடுக்குது. புதுசா வர்றவங்க எழுதற முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "மூத்தோரிடையே விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும்." இதுல யாரும் மறுக்க ஒன்னும் இல்ல, செய்யவும் ஒன்னும் இல்ல.

களத்துல போய் கேட்டா வேற படம் கிடைக்கும். கிட் வாங்கிட்டு போறவங்க இருக்காங்க, திருப்பி அனுப்பாம அலமாரில வச்சிருக்காங்க. கேட்டா, ரெண்டு வேற வேற நாள்ல மாதிரி எடுக்கணும்ங்கறது புரியல, முதல் நாள் எடுத்துட்டு ரெண்டாவது மறந்துட்டேன், வெக்கமா இருந்துச்சு, தபால்ல போடறதுக்குள்ள நாள் ஆயிடுச்சுன்னு சொல்றாங்க. இவங்களுக்கு விழிப்புணர்வு இருந்ததாலதான் கிட்டையே வாங்கினாங்க, சிக்கல் வீட்டுக்கு போனப்புறம் வர்றது.

அப்ப பரிந்துரை இப்படி மாறும்: "ஸ்கிரீனிங் நிகழ்ச்சில கிட் குடுக்கறப்பவே மாதிரி எடுக்கற முறைய தமிழ்லயும் மத்த மொழிகள்லயும் செஞ்சு காட்டணும், கிட் வாங்கினவர் சம்மதிச்சா ரெண்டு வாரம் கழிச்சு துடிப்பாக மூப்படைதல் நிலைய ஊழியர் ஒரு ஃபோன் பண்ணி ஞாபகப்படுத்தணும், குடுத்த கிட் எத்தன, திரும்பி வந்தது எத்தனன்னு நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி எண்ணணும்." யாருக்கும் புது கட்டடம் வேணாம், பெரிய பட்ஜெட் வேணாம், நடந்துச்சான்னு ஆறு மாசத்துல தெரிஞ்சிடும்.

ஒரு கடிதத்துல ஒரு பரிந்துரை, அதிகம் போனா ரெண்டு. பத்து போட்டா அவங்க சுலபமானதுக்கு பதில் சொல்லிட்டு மிச்சத்த விட்டுடுவாங்க, அது மனுஷ இயல்புதான். திட்டத்துல நல்லா நடக்கற ஒன்ன ஒரு வரில சொல்லுங்க, அத மாத்திடக்கூடாதுங்கறதுக்காக.

10. எங்க அனுப்பறது, எப்ப அனுப்பறது

ஒரு கிளினிக்லயோ நிகழ்ச்சிலயோ மட்டும் நடக்கற விஷயம்னா முதல்ல அங்கயே சொல்லுங்க. நிர்வாகி நாளைக்கே மாத்தக்கூடியத அமைச்சு வரைக்கும் கொண்டு போனா நாள் ஆகும், அந்த இடத்துல இருக்கறவங்க உங்கள எதிரியாவும் பாப்பாங்க.

பல இடத்துல ஒரே மாதிரி நடக்குதுன்னா சுகாதார அமைச்சு இல்ல அந்த வாரியத்தோட கருத்துத் தளம். மக்கள்கிட்ட கருத்து கேக்கற அரசாங்கத்தோட ரீச் அமைப்பு பொதுக் கலந்தாய்வு நடத்தறப்ப உங்க திட்டம் சம்பந்தமா இருந்தா அத விட்டுடாதீங்க, கருத்து கேக்கறதுக்குன்னே ஒரு அதிகாரி ஒதுக்கியிருக்கற நேரம் அது, கடைசி தேதிக்கு முன்னாடியே போடுங்க. பொதுப் பணம் தப்பா போகுதுங்கறதுக்கு ஆதாரம் இருந்தா மட்டும் ஏஜிஓ. ஆதாரம்னா தேதி, இடம், ஆவணம், "எல்லாரும் சொல்றாங்க" கணக்குல வராது.

நாடாளுமன்றத்துக்கு போகணும்னா காலம் முக்கியம். செலவின விவாதத்துல எம்பிங்க பேச வேண்டிய தலைப்ப முன்னாடியே பதிஞ்சுக்குவாங்க, அதனால டிசம்பர் ஜனவரிலயே உங்க ஒரு பக்கம் அவங்க கையில இருக்கணும். பட்ஜெட் வாசிச்சதுக்கப்புறம் கொண்டு போனா அடுத்த வருஷத்துக்குத்தான்.

மொழி பத்தி தயங்காதீங்க, நாடாளுமன்றத்துல தமிழ்ல பேசலாம். ஆனா கடிதத்த ஆங்கிலத்துல அனுப்பினா உள்ள பல மேசைக்கு போறது சுலபம், களத்துல அந்த அம்மா சொன்ன வாக்கியம் இருந்தா அத மட்டும் தமிழ்லயே விட்டு கீழ அர்த்தம் எழுதுங்க.

11. பதில் வந்தப்புறம்

நன்றி கடிதம் மட்டும் வந்தா, மூணு வாரம் கழிச்சு ஒரே ஒரு கேள்வியோட பதில் போடுங்க: "இத எந்த பிரிவு பாக்குது, எப்ப மறுபடி கேக்கலாம்?" கோவப்பட்டு நீளமா எழுதாதீங்க, அந்த பிரிவோட பேர் கிடைச்சாலே பாதி வேலை ஆச்சு.

"ஏற்கனவே செய்து வருகிறோம்"னு வந்தா நல்ல சேதிதான், எங்க, எப்பலேர்ந்துன்னு கேட்டு அந்த இடத்துக்கு போய் பாருங்க. அங்க நிஜமாவே நடக்குதுன்னா உங்க பேட்டைக்கு எப்ப வரும்ங்கறது அடுத்த கேள்வி.

"முடியாது"ன்னு காரணத்தோட வந்தா அந்த காரணத்த பதிவேட்டுல எழுதுங்க. பணமா, ஆள் இல்லையா, மருத்துவ ஆதாரம் போதலையா, தனியுரிமையா. காரணம் மாறின அன்னைக்கு, அதாவது புது பட்ஜெட் வந்தாலோ மருத்துவ வழிகாட்டி மாறினாலோ, அதே பரிந்துரைய அந்த கடிதத்தோட நகலையும் வச்சு மறுபடி அனுப்புங்க.

"ஏத்துக்கிட்டோம்"னு வந்தா 5வது படில சொன்ன பதிவேட்ட திறந்து, உங்களோடதையும் ஒரு வரியா சேத்து, முதல் கட்டத்துல மார்க் பண்ணிட்டு, ஆறு மாசம் கழிச்சு ஒரு தேதிய காலண்டர்ல போட்டு, அன்னைக்கு யார் போய் பாக்கறதுன்னு ஒரு பேரையும் எழுதிடுங்க.